பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் விரல் மடங்காமல் போனால்: சரவாங்கியும் ஹார்மோனும்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் ஒரு பெண்ணுக்குச் சரவாங்கி வந்திருப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் களிப்பானைதான். ராகிக் களி இறுகும் நேரத்தில் துடுப்பைச் சுழற்ற, மணிக்கட்டும் விரல்களின் அடிமூட்டும் சேர்ந்து பலம் கொடுக்க வேண்டும். போன மாதம் வரை ஒரே மூச்சில் கிண்டி இறக்கியவர், இப்போது இரண்டு தடவை நிறுத்திக் கையை உதறிக்கொள்கிறார். அடுத்த வாரம் மகளைக் கூப்பிடுகிறார். புளி தட்டப் போனால் சுத்தியல் பிடி நழுவுகிறது. விடிகாலையில் பூப்பறிக்கப் போனால் காம்பைக் கிள்ள விரல் வரவில்லை. வேலை ஜாஸ்தி, வயசாகிறது, வாயு, குளிர் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இந்தச் சில வருடங்களாக அந்த வரிசையில் 'ஹார்மோன் கோளாறு' என்பதும் சேர்ந்திருக்கிறது.

அதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். சரவாங்கி, அதாவது ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ், நம் உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வருகிறது. பரம்பரைக் கூறு, பீடி சிகரெட் புகை, ஈறு நோய் ஆகியவை அதற்கு அடி போட்டு வைக்கின்றன. நோய் எந்த வயதில் தலைதூக்கும், எப்போது அடங்கும், எந்த வேளையில் அதிகம் வலிக்கும் என்பதில் ஹார்மோனுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த நோய் 2 முதல் 3 மடங்கு அதிகம். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களும், மாதவிடாய் நிற்கும் வருடங்களும் இது தொடங்குவதற்குப் பேர்போன காலங்கள். ஹார்மோனை ஒரு நாள்காட்டியாக வைத்துக்கொண்டு எப்போது விழிப்பாக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். ஹார்மோனைச் சரிசெய்தால் மூட்டு தானாகச் சரியாகும் என்று காத்திருந்தால்தான் விரல் கோணிப் போகிறது. முதல் 3 முதல் 6 மாதத்துக்குள் சரியான மருந்து தொடங்கியவர்களுக்கும், இரண்டு வருடம் கழித்துத் தொடங்கியவர்களுக்கும் கையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

வீட்டிலேயே கையைப் பார்த்துவிடலாம். கையை முட்டியாக மடக்குங்கள். நான்கு அடிமூட்டுகளும் மேடாகவும் நடுவில் பள்ளமாகவும் தெரிய வேண்டும். பள்ளம் தூர்ந்து, புறங்கை ஒரே மட்டமாக இருந்தால் வீக்கம் இருக்கிறது. வலிக்கிற மூட்டை இரண்டு விரலால் பக்கவாட்டில் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். தேய்மானத்தில் எலும்பு போலக் கெட்டியாக இருக்கும்; சரவாங்கியில் பழுத்த திராட்சையை அமுக்குவது போல மெத்தென்று இருக்கும். அடுத்து, ஆள்காட்டி விரலின் அடிமூட்டிலிருந்து சுண்டுவிரலின் அடிமூட்டு வரை குறுக்காகப் பிடித்து லேசாக நெருக்குங்கள். சுரீரென்று வலித்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கால் விரல்கள் தொடங்கும் இடத்திலும் இதேபோல் பாருங்கள், பலருக்கு முதலில் பிடிப்பது பாதம்தான். நகத்தை ஒட்டிய நுனிமூட்டு மட்டும் புடைத்திருந்தால் அது பெரும்பாலும் தேய்மானம். சரவாங்கி நுனிமூட்டை விட்டுவிட்டு அடிமூட்டு, நடுமூட்டு, மணிக்கட்டு என்று பிடிக்கும், பெரும்பாலும் இரண்டு பக்கமும்.

விடிகாலைப் பிடிப்புக்குள்ளேயே ஒரு ஹார்மோன் கணக்கு இருக்கிறது. வீக்கத்தைத் தூண்டும் ஐஎல்-6 போன்ற பொருள்கள் பின்னிரவில் ஏறி விடியலில் உச்சத்தைத் தொடுகின்றன. அவற்றை அடக்க வேண்டிய கார்டிசால் என்ற ஹார்மோன், சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வருகிறது. அது உச்சத்துக்கு வருவது காலை 8 மணியை ஒட்டி. சரவாங்கி உள்ளவர்களுக்கு வீக்கத்துக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு அது சுரப்பதில்லை. அதனால்தான் அஞ்சு மணிக்குக் குடத்தைத் தூக்க முடியாதவர் பதினோரு மணிக்கு 'இப்ப பரவால்ல' என்கிறார். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரைக் குற்றம் சொல்வார்கள். குளிர் பிடிப்பைக் கூட்டும், சந்தேகமில்லை. ஆனால் சித்திரையிலும் விடியலில் விரல் இறுகினால் காரணம் வேறு. எழுந்ததிலிருந்து கை இயல்பாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு வாரம் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். 30 நிமிடத்துக்கு மேல் நீடித்து, வீக்கமும் 6 வாரம் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. சாயங்காலம் மருத்துவரிடம் போகும்போது கை நன்றாகத் தெரியும் என்பதால் காலை வீக்கத்தைக் கைபேசியில் படமெடுத்துக் கொண்டுபோவது பெரிய உதவி.

இனி பிரசவம். கர்ப்பமானால் சரவாங்கி தணிகிறது என்பதை அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் 1938-ல் விரிவாக எழுதினார். அப்படித் தணிக்கிற பொருள் எது என்ற தேடல்தான் கார்டிசாலின் நெருங்கிய உறவான கார்டிசோனில் போய் முடிந்தது. 1948-ல் முதல் நோயாளிக்கு அதைக் கொடுத்தார், 1950-ல் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். கர்ப்ப காலத்தில் கார்டிசால், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் எல்லாம் பல மடங்கு ஏறுகின்றன. பாதி அப்பாவின் கூறாக இருக்கும் குழந்தையை உடம்பு எதிரியாக நினைக்காமல் இருக்க, எதிர்ப்பு சக்தியும் தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. ஏறக்குறைய பாதிப்பேருக்கு மூட்டு வலி கணிசமாகக் குறைகிறது. குழந்தை பிறந்ததும் அந்த ஹார்மோன்கள் சில நாளில் சரிந்துவிடுகின்றன, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் உயர்கிறது, அது எதிர்ப்பு சக்தியை உசுப்பிவிடும் குணம் கொண்டது. அடங்கியிருந்த நோய் 3 முதல் 6 மாதத்துக்குள் திரும்புவதும், இல்லாதவர்களுக்குப் புதிதாகத் தொடங்குவதும் இதனால்தான்.

அந்த நேரத்தில் வீட்டில் கேட்கிற பேச்சு நமக்கெல்லாம் தெரியும். "பிள்ள பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் கண்ணு. பச்சத் தண்ணியில கைய வெக்காத." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்தப் பெண் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுகிறாள், அது மருந்து வேலை செய்யும் மிக நல்ல ஆறு மாதம். இதே காலத்தில் வரும் வேறு இரண்டு தொல்லைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குழந்தையைத் தூக்கித் தூக்கி, கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு மட்டும் வலிப்பது தசைநாண் வீக்கம். கட்டைவிரலை உள்ளே வைத்து முட்டி மடக்கி, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் உயிர்போகிற மாதிரி வலிக்கும், மற்ற மூட்டுகள் சும்மா இருக்கும். இன்னொன்று, பிரசவமான ஒரு வருடத்துக்குள் வரும் தைராய்டு அழற்சி. முதலில் படபடப்பு, எடை குறைவு. பிறகு சோர்வு, உடம்பு கனம், கை மரமரப்பு. ஆகவே பிரசவத்துக்குப் பின் விரல் வீங்கினால் ஐந்து ரத்தப் பரிசோதனைகளை ஒரே தடவையில் எடுத்துவிடுவது நல்லது: சரவாங்கிக்கு ஆன்டி-சிசிபி, ஆர்ஏ ஃபேக்டர்; உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்ட இஎஸ்ஆர், சிஆர்பி; தைராய்டுக்கு டிஎஸ்ஹெச். ஆர்ஏ ஃபேக்டர் இல்லை என்று வந்ததாலேயே நோய் இல்லை என்று ஆகாது. நோய் இல்லாத சிலருக்கும் அது இருக்கும். ஆன்டி-சிசிபி அதைவிட நம்பகமானது. இரண்டும் இல்லாமலும் சரவாங்கி வருவதுண்டு, வீங்கிய மூட்டுதான் கடைசி சாட்சி.

பால் கொடுப்பதால் மருந்தே கூடாது என்று நிறுத்துபவர்கள் பலர். ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின், குறைந்த அளவு பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) ஆகியவற்றை மருத்துவர் கண்காணிப்பில் பால் கொடுக்கும்போதும் எடுக்கலாம். சரவாங்கிக்குப் பெரும்பாலும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டும், லெஃப்லுனமைடும் கூடாது. அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டால் மெத்தோட்ரெக்சேட்டை 1 முதல் 3 மாதத்துக்கு முன்பே நிறுத்தி, கர்ப்பத்துக்கு ஏற்ற மருந்துக்கு மாறி, நோய் சில மாதம் அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பது தாய்க்கும் குழந்தைக்கும் பாதுகாப்பு. குழந்தையைத் தூக்கும்போது விரலால் பற்றித் தூக்காமல், முன்கையை அடியில் கொடுத்து ஏந்துங்கள். அந்தச் சின்ன மாற்றமே மணிக்கட்டுக்கு நிறைய ஓய்வு தரும்.

தைராய்டுக்கும் சரவாங்கிக்கும் உறவு நெருக்கமானது. தைராய்டைத் தாக்குவதும் அதே எதிர்ப்பு சக்தியின் தவறுதான், அதனால் ஒன்று இருப்பவருக்கு மற்றதும் இருக்கும் வாய்ப்பு கூடுதல். தைராய்டு குறைந்தால் அதுவே கைகால் வலி, இறுக்கம், இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போவது எல்லாம் தரும். மெத்தென்ற வீக்கமும் சூடும் மட்டும் பொதுவாக இருக்காது. டிஎஸ்ஹெச் அளவு சரியாகி இரண்டு மூன்று மாதமான பிறகும் அடிமூட்டு வீங்கியே இருந்தால் அது தைராய்டு வலி ஆகாது. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, டீக்கும் டிபனுக்கும் 30 முதல் 60 நிமிடம் இடைவெளி விட வேண்டும். மூட்டு நோய்க்காகக் கொடுக்கும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் ரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரையையும் 4 மணி நேரம் தள்ளித்தான் போட வேண்டும். மூன்றையும் காலையில் ஒன்றாக விழுங்கினால் தைராக்சின் குடலிலேயே கட்டுண்டு போகிறது. டிஎஸ்ஹெச் இறங்கவில்லை என்று தைராக்சின் அளவை 25, 50, 75 மைக்ரோகிராம் என ஏற்றிக்கொண்டே போகிறார்கள், கோளாறு நேரத்தில் இருக்கிறது. முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், அது தைராய்டு அளவைத் தவறாகக் காட்டும்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் இறங்குவதாலேயே பலருக்கு உடம்பெல்லாம் மூட்டு வலி வரும். அதோடு சரவாங்கி தொடங்கும் வயதும் இதுவே என்பதால் ஒன்று மற்றொன்றை மறைக்கிறது. 45 வயதுக்கு முன்பே நின்றுபோனவர்களுக்குச் சரவாங்கி வாய்ப்பு அதிகம். கர்ப்பப்பை எடுத்த பெண்கள், சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்று அறுவை சிகிச்சைச் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அதையும் எடுத்திருந்தால் அன்றைக்கே மாதவிடாய் நின்ற உடம்பு அது, எலும்பும் அன்றிலிருந்தே தேயத் தொடங்கியிருக்கும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சரவாங்கிக்கு மருந்தல்ல. உடம்பு தகிப்புக்கும் வியர்வைக்கும் அது தேவையா என்பதை மகப்பேறு மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன், டிஎச்இஏ என்று மொத்தமாக ஒரு 'ஹார்மோன் பேக்கேஜ்' எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம். அந்த எண்களை வைத்து மூட்டு மருந்து எதுவும் மாறப்போவதில்லை. ஆண்களுக்கும் இதே பதில்தான்: வீக்கம் நீண்டால் டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது, நோயை அடக்கினால் ஏறவும் செய்யலாம். அவர்கள் முதலில் விட வேண்டியது பீடி.

நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு குழப்பம் ஃப்ளோரைடு. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் பயன்பாட்டுக்கும் வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டிய நீரைப் பல வருடம் குடித்தவர்களுக்கு எலும்பில் ஃப்ளோரைடு படிந்து கழுத்தும் முதுகும் இறுகும். பல்லில் காவிக் கறை, தாடையை நெஞ்சில் தொட முடியாமை, முழங்கால் மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடியாமை, இரண்டு கையையும் பிடரியில் கோக்க முடியாமை இதன் அடையாளங்கள். விரல் மூட்டு மெத்தென்று வீங்காது, சிஆர்பி பொதுவாக இயல்பாக இருக்கும், முன்கை எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள சவ்வு சுண்ணாம்பேறித் தெரியும். இதிலும் ஒரு ஹார்மோன் உண்டு. சுண்ணாம்புச்சத்து குறைந்த சாப்பாட்டோடு ஃப்ளோரைடும் சேர்ந்தால் பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்து, எலும்பிலிருந்து சுண்ணாம்பைப் பிடுங்கும். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசிக்கு மாறிப்போன வீடுகள் களியையும் கூழையும் திரும்பக் கொண்டுவருவது எலும்புக்கு நல்லது. பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஃப்ளோரைடும் சரவாங்கியும் ஒன்றாகவே இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பின் தொடங்கிய மூட்டு வீக்கமாக இருந்தால் சிக்குன்குனியாவையும் சொல்லிப் பரிசோதியுங்கள்.

நோய் உறுதியானால் அடித்தள மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள். இதைத் தினமும் எடுத்து வாய் முழுக்கப் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிர் போகிற நிலைக்கு வருவதும் நடக்கிறது. மற்ற மாத்திரைகள் தினசரி என்பதால் கை தானாக எடுத்துவிடும். ஊர்ச் சந்தை கூடும் நாளை மெத்தோட்ரெக்சேட் நாளாக வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. அந்த மாத்திரையைத் தனி டப்பாவில் வைத்து மேலே கிழமையை எழுதுங்கள். ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் வேறொரு நாளில். முதல் 3 மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்த அணு, கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனை. கோட்ரைமாக்சசோல் கலந்த சளி, சிறுநீர்த் தொற்று மாத்திரையை இதோடு சேர்க்கவே கூடாது. சாராயம் கூடாது. வாயில் புண், மூச்சுத் திணறல், காய்ச்சல் வந்தால் அடுத்த வார மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும்.

அந்த 6 முதல் 12 வாரத்தைக் கடக்கத்தான் ஸ்டீராய்டைப் பாலமாகக் கொடுக்கிறார்கள். பாலத்தில் வீடு கட்டிக் குடியேறுவதுதான் இங்கே நடக்கிறது. பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் எல்லாம் ஹார்மோன்தான், கார்டிசாலின் உறவு. 'ஹார்மோன் கோளாறு' என்று பயப்படுகிற நாமே, மருந்துக் கடையில் 'கைகால் வலி செட்' கேட்டு வாங்கி, உண்மையான ஹார்மோன் கோளாறை நாளுக்கு இரண்டு வேளை விழுங்குகிறோம். ஒரு மாத்திரை சிறிதாக இருப்பதால் பலம் குறைவு என்று நினைக்காதீர்கள்: டெக்சாமெத்தசோன் 0.75 மில்லிகிராம், பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்குச் சமம். பெயர் எழுதாத பொட்டலப் பொடி, லேகியம், சூரணம் எது சாப்பிட்டாலும், இரண்டு நாளில் வலி பறந்து, பசி கூடி, ஒரு மாதத்தில் முகம் உருண்டு, நிறுத்திய மூன்றாம் நாளே படுத்த படுக்கையாக்கினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். மிச்சமிருப்பதைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்று நான்கு வாரத்துக்கு மேல் வெளியிலிருந்து வந்தால், அட்ரீனல் சுரப்பி 'இனி நான் வேண்டாம்' என்று தூங்கிவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் சரிவு, சர்க்கரை குறைவு வரும். அதோடு மூட்டு வலியும் உடம்பு வலியும் வரும் என்பதுதான் ஆளை ஏமாற்றுவது. சரவாங்கி திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி அதே மாத்திரைக்கு ஓடுகிறார்கள். இரண்டையும் பிரிக்க வீக்கத்தைப் பாருங்கள்: மூட்டு மெத்தென்று வீங்கிச் சூடாக இருந்தால் நோய்; வீக்கமே இல்லாமல் சோர்வும் குமட்டலும் எழுந்தால் கிறுகிறுப்பும் இருந்தால் ஹார்மோன் வறட்சி. குறைப்பது மருத்துவர் சொல்லும் கணக்கில்தான் நடக்க வேண்டும். பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்குக் கீழே வந்தபின் மாதத்துக்கு 1 மில்லிகிராம் என்று மெதுவாகக் குறைத்தாலே போதும். காலை 8 மணி வாக்கில், அன்றைய மாத்திரைக்கு முன் கார்டிசால் பரிசோதித்தால் சுரப்பி விழித்ததா என்று தெரியும். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் நல்ல அறிகுறி, 5-க்குக் கீழே என்றால் இன்னும் தூக்கம்தான்.

மாத்திரையைக் காலையில் சாப்பிட்டபின் ஒரே வேளையாக எடுத்தால் உடம்பின் இயற்கையான உச்சத்தோடு ஒத்துப்போகும், ராத்தூக்கமும் கெடாது. சர்க்கரையை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் இயல்பாகத் தெரியும், காலையில் எடுத்த ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுவது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னும் சாயங்காலமும்தான். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி வரும் அந்த ஊழியரிடம் ஸ்டீராய்டு எடுப்பதைச் சொல்லி, ரத்த அழுத்தத்தையும் சாப்பிட்ட பின் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். இயன்முறைப் பயிற்சியும் அத்திட்டத்தில் உண்டு. 3 மாதம் தாண்டினால் எலும்புக்கு கால்சியமும் வைட்டமின் டியும் தேவை, கண்ணும் பார்க்க வேண்டும், நீடித்த இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், ஏனென்றால் உள்ளே தூங்கும் காசநோயை ஸ்டீராய்டு எழுப்பிவிடும்.

நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுக்கிறவர்கள் ஆதார் அட்டையோடு ஒரு சீட்டு வைத்திருங்கள். அதில் பெரிய எழுத்தில்: மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த மாதத்திலிருந்து. கீழே: 'காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். பல் பிடுங்கினாலும் அறுவை சிகிச்சை என்றாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டாலோ மயக்கம் வந்தாலோ உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி தேவை.' சீட்டு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.